மாகாளிக்குப் பின்னால் வந்த ஸ்டூல்

மாணிக்கவல்லி ஜவுளிக்கடையில் உச்சிமாகாளியின் பின்னால் ஒரு ஸ்டூல் நடந்து வர ஆரம்பித்தது ஆடித் தள்ளுபடிக்கு பேனர் கட்டிய அன்றைக்கு. கட்டிக்கொண்டிருந்தவன் ஏணியில் நின்றபடியே கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டு, ஒரு முனையைக் கட்டாமலே இறங்கி டீ குடிக்கப் போய்விட்டான், அந்த முனை ஆடி முடிகிற வரைக்கும் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டேதான் கிடந்தது. ஸ்டூல் என்றால் பெரிய விசேஷமான ஸ்டூல் ஒன்றும் கிடையாது. சேலை எடுக்க வருகிறவர்கள் உட்கார கவுண்டருக்கு முன்னால் வரிசையாகப் போட்டிருப்பார்களே, அதில் ஒன்று. சிவப்பு ரெக்ஸின் ஓரத்தில் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். ஒரு காலுக்கு மட்டும் அடியில் ரப்பர் கிடையாது, அதனால் அது நடக்கும்போது மற்றக் கால்கள் மெத்தென்று விழும், அந்தக் கால் டொக்கென்று விழும்.

முதலில் பார்த்தவள் பக்கத்துக் கவுண்டர் ஞானசௌந்தரி.

"ஏட்டி மாகாளி, உன் பின்னாடி ஸ்டூல் வருது."

"வரட்டும். அந்த அக்கா பச்சையில மாம்பழ பார்டர் கேட்டு நிக்காவ, இல்லைன்னு சொல்லு. ப்ளைவுட்டுக்கு உள்ள இருக்குன்னு உளறிராத."

சௌந்தரி போய் இல்லை என்று சொன்னாள். அந்த அக்கா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார். ஸ்டூல் மாகாளியின் முழங்காலுக்குப் பின்னால் வந்து, உட்கார்ந்தால் சரியாக இருக்கும் தூரத்தில் நின்றது.

அந்தக் கடையில் வேலை செய்கிற பிள்ளைகள் உட்காரக் கூடாது. ஷட்டரைத் தூக்கினதில் இருந்து இறக்குகிற வரைக்கும் நிற்க வேண்டும், சாயக் கூடாது, சாய்ந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள், ஒரு காலைத் தூக்கி மறுகாலில் வைத்தால் சூப்பர்வைசர் திரவியம் எங்கிருந்தாவது முளைத்து "என்ன, கொக்கா நீ?" என்பார். பிளஸ் டூ கணக்கில் ஃபெயிலாகி, திரும்ப எழுத மாட்டேன் என்று வீட்டில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டு இந்த வேலைக்கு வந்த மாகாளிக்கு, வந்த புதிதிலேயே கெண்டைக்காலில் நரம்பு பச்சைப் பச்சையாகப் புடைக்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் பிள்ளைகள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ரேக்கின் அடித்தட்டில் சேலை தேடுகிற சாக்கில் குத்தவைத்து, ஒவ்வொரு சேலையாக எடுத்து, மடிப்பைப் பிரித்து, திரும்ப மடித்து, அடுக்கி, கலைத்து, மறுபடியும் அடுக்கி, அப்படியே கொஞ்ச நேரம் காலை மறந்து இருந்துவிட்டு எழும்புவார்கள்; அதனால் அந்தக் கடையிலேயே அடித்தட்டு மட்டும் கோவில் கர்ப்பக்கிரகம் மாதிரி அவ்வளவு ஒழுங்காக இருக்கும். மேல்தட்டில் பிளவுஸ் துணியும் பாவாடையும் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கிடக்கும். திரவியம் இதைக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆனது. கண்டுபிடித்த அன்றைக்கே ஆசாரியைக் கூட்டிவந்து அடித்தட்டு முழுவதையும் ப்ளைவுட் வைத்து அடித்து மூடிவிட்டார்.

"சார், உள்ள சேலை இருக்கு," என்றாள் மாகாளி.

"எனக்குப் படிச்சுக் குடுக்கியா?" என்றார் திரவியம். கடைசி ஆணியும் இறங்கின பிறகுதான் உள்ளே இருந்தது எல்லாம் புதுச் சரக்கு என்பது அவருக்கு உறைத்தது. ஆணியைப் பிடுங்கினால் முதலாளிக்குத் தெரியும், தெரிந்தால் அவர் கதை முடிந்தது. அதனால் யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லச் சொன்னார். பொய் சொல்லச் சொன்னால் மாகாளிக்கு வாயெல்லாம் கசக்கும், ஆனாலும் சொன்னாள், வேலை வேண்டுமே.

இதற்கு அடுத்துத்தான் ஸ்டூல் வந்தது.

"கஸ்டமர் ஸ்டூலை எதுக்கு இழுத்துக்கிட்டு அலையுத?" என்றார் திரவியம்.

"நான் எங்க இழுத்தேன்? அதுவா வருது சார்."

"அப்ப நீ நில்லு."

"நின்னா அதுவும் நிக்குது. உட்காரச் சொல்லுது போல. உட்காரட்டுமா?"

"உட்கார்ந்து பாரு, தெரியும்."

அவர் ஸ்டூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிக்குப் போய் குடோனில் வைத்துப் பூட்டிவிட்டு இறங்கி வருவதற்குள், அது எப்படியோ அவருக்கு முன்னால் இறங்கி வந்து மாகாளியின் பின்னால் நின்றது. இப்படி அவர் ஏறினார், இறங்கினார், ஏறினார், இறங்கினார். அவருக்கும் கால்வலி உண்டு, பேன்ட்டுக்கு அடியில் முழங்கால் வரைக்கும் டாக்டர் கொடுத்த இறுக்கமான சாக்ஸ் போட்டிருப்பார், அதனால் சாயங்காலத்துக்குள் அலுத்துப்போய், கடைப் பொருளை முறைகேடாகப் பயன்படுத்தியதாக மாகாளியின் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லிவிட்டு விட்டுவிட்டார். வேலை முடிந்து பிள்ளைகள் வெளியே போகும்போது வாசலில் வாட்ச்மேன் ஒவ்வொருத்தி பையாகத் திறந்து பார்ப்பார். ஸ்டூல் அந்த வாசற்படி வரைக்கும் வந்து நின்றுகொள்ளும். மறுநாள் காலையில் அதே இடத்தில் காத்துக்கொண்டு நிற்கும்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சேலை எடுக்க வந்த பெண்கள் முதலில் "இதுக்கும் தள்ளுபடி உண்டா?" என்று கேட்டார்கள். பிள்ளைகளைத் தூக்கி அதில் உட்கார வைத்து ஒரு சுற்று அனுப்பினார்கள், பிள்ளைகள் இறங்க மாட்டேன் என்று அழுதன, ஒன்று ரெக்ஸினிலேயே மூத்திரமும் பெய்துவைத்தது, மாகாளிதான் துடைத்தாள். பிறகு, வெளிநாட்டுக்குப் போன மகனிடம் இருந்து ரொம்ப நாளாக போன் வராத ஒரு அம்மா அந்த ஸ்டூலைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போது கைப்பையில் போன் அடித்தது. அவ்வளவுதான். மறுநாள் ஸ்டூலுக்குச் சந்தனம் வைத்தாயிற்று, குங்குமம் வைத்தாயிற்று, காலில் மஞ்சள் கயிறு கட்டியாயிற்று. மாடி கேபினை விட்டு இறங்கவே இறங்காத முதலாளி பொன்பாண்டி அண்ணாச்சி அன்றைக்கு இறங்கி வந்தார், கூட்டத்தைப் பார்த்தார், கல்லாவைப் பார்த்தார், ஸ்டூலைக் கும்பிட்டார், பிடித்த சம்பளத்தைத் திரும்பக் கொடுக்கச் சொன்னார், செவ்வந்தி மாலை வாங்கி வரச் சொன்னார்.

இனி மற்ற ஸ்டூலில் எது எப்போது எழும்பி நடக்குமோ என்று பயந்து கஸ்டமர்களும் உட்காரவில்லை. கடை முழுவதும் நின்றது. எடுக்கிறவளும் நின்றாள், எடுத்துக் கொடுக்கிறவளும் நின்றாள், நடுவில் காலியான ஸ்டூல்கள் வரிசையாகக் கிடந்தன.

மாகாளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மத்தியானம், கூட்டம் குறைந்த நேரத்தில், சேலையைச் சரிசெய்துகொண்டு மெல்ல அதில் உட்காரப் போனாள். கடையே அலறியது.

"ஏம்மா, சாமி மேலயா உட்காருவ?"

"சாமியா? முந்தாநேத்து ஒரு பிள்ளை மூத்திரம் பேஞ்சதுல்லா இது மேல?"

"பிள்ளை தெய்வம்மா. நீ வயசுப்பிள்ளை."

உட்காரச் சொல்லித்தான் அது வருகிறது என்பது இந்த ஊரில் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. குறி கேட்டார்கள், நேர்ந்துகொண்டார்கள், செல்ஃபி எடுத்தார்கள், ஏன் இந்தப் பிள்ளை பின்னால் மட்டும் வருகிறது என்று ஜாதகம்கூடக் கேட்டார்கள். கால் வலிக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் எதிர்க்கடை அண்ணாச்சி மாகாளி நின்ற பஸ் ஸ்டாப்பில் காரை நிறுத்தினார்.

எதிர்க்கடை என்பது நியூ மாணிக்கவல்லி. மாணிக்கவல்லி என்பது பொன்பாண்டியைப் பெற்ற தாய். அந்த நியூவைச் சேர்த்துக்கொண்டவர் அவர் தம்பி தங்கப்பழம். பாகம் பிரிக்கும்போது மற்ற எல்லாவற்றையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தவர்களுக்கு அம்மா பெயரைப் பிரிக்கத் தெரியவில்லை, ஆளுக்கு ஒன்றாக முழுசாக எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடையைப் போட்டு, ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்காமல் ஒருத்தர் கூட்டத்தை ஒருத்தர் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"மக்கா, நம்ம கடைக்கு வந்துரு," என்றார் தங்கப்பழம். "சம்பளம் ரெண்டு மடங்கு. சேலை எடுத்துப் போட வேண்டாம், மடிக்க வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். வாசல்ல இருந்து மாடிப்படி வரைக்கும் நடக்கணும், திரும்பி வரணும். ஸ்டூல் உன் பின்னாடி வரும். அவ்வளவுதான் வேலை."

"ஸ்டூல் அவிய சொத்துல்லா அண்ணாச்சி?"

"நீயா எடுத்துட்டு வாற? அதுவா வருது. போலீசுக்குப் போனாலும் ஸ்டூலைத்தான் பிடிக்கணும்."

"அங்க உட்காரலாமா?"

"அதெல்லாம் பாத்துக்கிடலாம், முதல்ல நீ வா. ஆடிப்பெருக்குக்குள்ள வந்திரணும்."

அன்றையில் இருந்து மாகாளிக்கு நிம்மதி போனது. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் "போலாம்" என்று பஸ்ஸுக்குச் சொல்கிறாரா தனக்குச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. டீக்கடையில் போ என்று ஒரு கட்சியும் போகாதே என்று ஒரு கட்சியும் பிரிந்து, போகச் சொன்னவர்கள் எல்லாரும் தம்பியிடம் கடனுக்குத் துணி எடுக்கிறவர்களாகவும் போகாதே என்றவர்கள் எல்லாரும் அண்ணனிடம் எடுக்கிறவர்களாகவும் இருந்தார்கள். வீட்டில் அம்மா பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டியபடியே கேட்டாள். விடிந்ததில் இருந்து படுக்கிற வரைக்கும் உட்கார்ந்தே பீடி சுற்றி இடுப்பு வளைந்து, எழும்பினாலும் உட்கார்ந்த மாதிரியே நடக்கிற அம்மா அவள்.

"ஆடியில எவளாவது புது வேலைக்குப் போவாளாட்டி? ஆவணி பொறக்கட்டும்."

"ரெண்டு மடங்கு தாராவளாம்."

அம்மா கத்தரிக்கோலை நிறுத்தினாள். "ஆடிவெள்ளி நல்ல நாள்தான். அம்மன் மாசம்லா."

"அம்மா, எனக்குக் காலு வலிக்கி. அங்க போனா நாள் பூரா நடக்கணும், இங்க இருந்தா நாள் பூரா நிக்கணும்."

"நான் உட்கார்ந்து உட்கார்ந்தே செத்தேன். நீயாவது நின்னு பொழைன்னுதான அனுப்புனேன்? உட்காரதுல என்னட்டி இருக்கு? என்னைப் பாரு."

மாகாளி பார்த்தாள். நிற்கக் கொடுத்துவைக்காத ஒருத்தியும் உட்காரக் கொடுத்துவைக்காத ஒருத்தியும் ஒரே வீட்டில் இருந்து ஒருத்தி வலி ஒருத்திக்குப் புரியாமல் சோறு தின்றார்கள்.

சௌந்தரிதான் நேராகப் பேசினாள். "போகணும்னா போ. நான் அழுவேன், அதுக்காக நிக்காத. ஆனா அங்க உன்னைக் கேக்காவளா, ஸ்டூலைக் கேக்காவளான்னு ஒருதடவை கேட்டுட்டுப் போ. போகும்போது அந்த ப்ளைவுட்டையும் பேத்துட்டுப் போ, புண்ணியமாப் போகும்."

இரண்டு பக்கமும் பேசிப் பேசி, தராசு மாதிரி தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி ஆடி, மாகாளிக்கு ஒருகட்டத்தில் வேலை, சம்பளம், சாமி, ஸ்டூல் எல்லாவற்றின் மேலும் எரிச்சல் வந்தது. இங்கே இருந்தால் நரம்பு வெடிக்கும். அங்கே போனால் சம்பளம் வரும், காலுக்கு என்ன வரும் என்று தெரியாது. ஆடிப்பெருக்கு அன்றைக்கு, கடையில் கூட்டம் நெரிகிற நேரத்தில், விறுவிறுவென்று மாடி ஏறி கேபின் கதவைத் தள்ளினாள். டொக், டொக் என்று ஸ்டூலும் ஏறியது.

"அண்ணாச்சி, எதிர்க்கடையில கூப்பிடுதாவ. ஒரே ஒரு கேள்வி. இங்க நான் உட்காரலாமா?"

பொன்பாண்டி சுழல் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "உன்னை நான் மக மாதிரிலா நினைச்சிருக்கேன்."

"உங்க மக கடைக்கு வந்தா நிப்பாவளா?"

"அது... தாயி, ஸ்டூல் சாமியாயிட்டு. அதுல எப்படி உட்காருவ?"

"அப்ப வேற ஸ்டூல்ல?"

"அது கஸ்டமருக்கு."

"கஸ்டமரும் உட்காரல. பயந்துபோய் நிக்காவ."

"உனக்குக் கொஞ்சம் கூட்டித் தாரேன். ஆடி முடியட்டும், பேசுவோம்."

மாகாளி இறங்கினாள். சேலைப் பிரிவைக் கடந்து, "எங்கட்டி போற?" என்ற திரவியத்தைக் கடந்து, வாசலுக்கு வந்தாள். வாட்ச்மேன் வழக்கம்போலப் பையைத் திறந்து பார்த்தார். பிறகு பின்னால் வந்த ஸ்டூலையும் குனிந்து அடியில் தடவிப் பார்த்தார்; ஒன்றும் ஒளித்துவைத்திருக்கவில்லை, விட்டுவிட்டார். அதுவரைக்கும் வாசற்படியைத் தாண்டாத ஸ்டூல் அன்றைக்குத் தாண்டியது. ரப்பர் இல்லாத கால் தார் ரோட்டில் பட்டு டங்கென்று ஒரு சத்தம் வந்தது, ரதவீதி முழுவதும் திரும்பியது.

எதிர்ப்பக்கம் தங்கப்பழம் தயாராக நின்றார். ஆரத்தித் தட்டு இருந்தது, பூசணிக்காய் இருந்தது, எங்கிருந்தோ செண்டை மேளம் பிடித்து வந்து நிறுத்தியிருந்தார். மாகாளி ரோட்டில் இறங்கியதும் அடிக்க ஆரம்பித்தார்கள். மினிபஸ் நின்றது, ஷேர் ஆட்டோக்கள் நின்றன, இரண்டு கடைக் கூட்டமும் இரண்டு பக்கமும் வந்து நின்றது, மாலை போட்ட ஸ்டூல் நடு ரோட்டில் மூன்று மெத்தும் ஒரு டங்குமாக அவள் பின்னால் வந்தது.

நடு ரோட்டில் மாகாளி நின்றாள்.

"அண்ணாச்சி, அங்க வந்தா நான் உட்காரலாமா?"

மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. தங்கப்பழம் கையைக் காட்டி மேளத்தை நிறுத்தினார். "என்னது?"

"உட்காரலாமாங்கேன்!"

"உட்கார்ந்தா அது நின்னுரும்லா மக்கா! நடக்குத ஸ்டூலுக்குத்தான் சம்பளம், நிக்குத ஸ்டூல் என் கடையிலயே ஏகப்பட்டது கிடக்கு! வா, வா, நல்ல நேரம் போகுது."

ரெண்டு மடங்கு சம்பளம் அந்தப் பக்கம் ஆரத்தித் தட்டோடு நின்றது. இந்தப் பக்கம் வாசலில் திரவியம் நின்றார். இப்போது உட்கார்ந்தால் அந்தப் பக்கம் போக முடியாது, இந்தப் பக்கமும் சாமி மேல் உட்கார்ந்தவளைச் சேர்க்க மாட்டார்கள், இது மாகாளிக்கு நன்றாகவே தெரியும். கால் விண்விண்ணென்று தெறித்தது.

உட்கார்ந்தாள்.

ரெக்ஸினில் இருந்து காற்று புஸ்ஸென்று போனது. செவ்வந்தி மாலை நசுங்கியது, குங்குமம் யூனிபார்ம் சேலையில் அப்பியது, யாரோ ஒரு பெண் "ஐயோ அம்மா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள், இடி விழவில்லை, மழை வரவில்லை, பேனர் முனை மட்டும் படபடவென்று அடித்தது, மாகாளியின் கெண்டைக்காலில் இருந்து ஒரு வருஷத்து வலி பாதம் வரைக்கும் இறங்கி, செருப்பைத் தாண்டி, தாருக்குள் இறங்கி, சாக்கடைப் பக்கமாகப் போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்டூல் ஒருதடவை அசைந்து, ரப்பர் இல்லாத காலைச் சரியாக ஊன்றிக்கொண்டு, அடங்கியது.

மினிபஸ் டிரைவர் ஹாரனை அழுத்தினார்.

"சுத்திப் போங்க," என்றாள் மாகாளி, கண்ணைத் திறக்காமல்.

எல்லாரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, கூட்டத்தில் இருந்து ஒரு அக்கா கட்டைப்பையோடு முன்னால் வந்தார். ஸ்டூல் வந்த அன்றைக்கு வந்தவர். அதற்குப் பிறகும் வந்து வந்து போனவர்.

"ஏம்மா, இந்தப் பச்சையில மாம்பழ பார்டர் வரவே இல்லையா? எதிர்க்கடையிலயும் பாத்துட்டேன். மகளுக்கு வளைகாப்பு, அவ அதைத்தான் கேக்கா."

மாகாளி கண்ணைத் திறந்தாள். போன வேலைக்குப் பொய் எதற்கு?

"இருக்கு அக்கா. அன்னைக்கும் இருந்துச்சு. நாங்க அடித்தட்டுல குத்தவச்சு உட்காருதோம்னு சேலையோட சேத்து ப்ளைவுட் அடிச்சு மூடிட்டாவ. பச்சை மட்டும் இல்ல, ஊதா இருக்கு, தேன் கலர் இருக்கு, இந்த ஆடிக்கு வந்த சரக்கு பூராவும் உள்ளதான் இருக்கு. நான் பொய் சொன்னேன், மன்னிச்சிருங்க."

மேல்மாடி ஜன்னலில் பொன்பாண்டி அண்ணாச்சியின் தலை தெரிந்தது. திரவியம் மேலே பார்க்கவே இல்லை.

"தேன் கலரா?" என்றாள் இன்னொருத்தி. "ஊதாவுல என்ன பார்டர்?" என்றாள் மற்றொருத்தி. உட்கார்ந்த இடத்தில் இருந்தே மாகாளி சொன்னாள், எது எந்த மூலை, எதற்கு எது முந்தானை, எது சாயம் போகும், எது போகாது; கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே வந்தார்கள், நியூ மாணிக்கவல்லி வாசலில் நின்றவர்களும் ஆரத்தித் தட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தார்கள், ரதவீதி நடுவில் ஒரு கடை முளைத்த மாதிரி ஆகிவிட்டது. உள்ளே சௌந்தரி அளவுகோலை ப்ளைவுட் இடுக்கில் கொடுத்து நெம்புகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

பொன்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏ பிள்ளே! ரோட்டுல உட்கார்ந்து மானத்தை வாங்காத! உள்ள வந்து உட்காரு!"

"எங்க?"

"உள்ள!"

"என்ன செய்ய?"

"உட்காரு! உட்கார்ந்து தொலை! உட்கார்ந்தே வியாபாரத்தைப் பாரு!"

"சௌந்தரி?"

"எல்லாரும் உட்காருங்க! எல்லாரும் நல்லா உட்காருங்க! ஆடி முடியட்டும், பேசிக்கிடுதேன்."

ரதவீதியே சாட்சியாக இதைக் கேட்டது. மாகாளி எழுந்து நடந்தாள். நாலு எட்டு வைத்தபிறகுதான் பின்னால் சத்தம் வரவில்லை என்பது தெரிந்தது. திரும்பினாள். நடு ரோட்டில் ஒரு ஸ்டூல் கிடந்தது, நசுங்கிய மாலையோடு, எல்லா ஸ்டூலையும் போல. எதிர்ப்பக்கம் தங்கப்பழம் அதை ஒரு நிமிஷம் பார்த்தார், மாகாளியைப் பார்க்கவில்லை, மேளக்காரர்களைப் பார்த்துப் போகச் சொல்லிக் கையை வீசினார். சௌந்தரி கேட்கச் சொன்ன கேள்விக்கு அதுதான் பதில்.

மாகாளி திரும்பிப் போய் ஸ்டூலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கனமே இல்லை. இத்தனை நாள் அது வந்தது, ஒருதடவை தூக்கினால் குறைந்தா போய்விடும்? வாட்ச்மேன் வழிவிட்டார். கவுண்டருக்கு உள்பக்கம் அதைப் போட்டு, உட்கார்ந்து, சௌந்தரி நீட்டிய பச்சைச் சேலையை அந்த அக்காவின் முன்னால் விரித்தாள்.

திரவியம் பக்கத்தில் வந்து குனிந்து குரலைத் தாழ்த்தினார். "ரொம்பத் துள்ளாத. ஆடி முடிஞ்சதும் எழும்பணும், பாத்துக்க."

"எழும்புதேன் சார். ரோடு எங்கயும் போயிராது."

திரவியம் மேலே கேபினைப் பார்த்தார், காலி; முதலாளி கீழே கல்லாவில் மும்முரமாக இருந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு, பெயர்ந்து கிடந்த ப்ளைவுட்டுக்கு முன்னால், தேன் கலரில் ஏதோ தேடுகிற மாதிரி, சாக்ஸ் போட்ட காலை மெல்ல மெல்ல மடக்கி அடித்தட்டின் பக்கத்தில் குத்தவைத்தார்.